உறை

கேத்தியில் மார்கழி. சமையலறை ஒன்பது டிகிரி.
தேங்காய் எண்ணெயைக் கரண்டிக் காம்பால்
குத்தித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

பொட்டலத்தின் முதுகில் இருந்த தேதி
ஏழு மாதம் முன்பே முடிந்துவிட்டது.
பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில்
சாக்ஸுக்குள் சுருண்டு வந்த பதினொரு கிராம் ஈஸ்ட்.
இதை நம்பி இருபது லிட்டரில் இறங்க முடியாது.
முதலில் கதவைத் தட்டிக் கேட்கவேண்டும்:
உள்ளே யாராவது இருக்கிறீர்களா?

லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் மால்ட்,
பதினைந்து நிமிடக் கொதி.
பத்தாவது நிமிடம் ஃபோனை எடுத்தேன்,
நுரை எழுந்து அடுப்பை மூழ்கடித்தது.
கருகிய இனிப்பைச் சுரண்ட அரை மணி.

விளிம்பு உடைந்தது என்று
பள்ளிக்கூட லேப் கணக்கில் நானே எழுதி
நானே எடுத்துவந்த கூம்புக் குடுவை.
கீழே, செத்த கம்ப்யூட்டரின் விசிறி,
அதன் நெற்றியில் ஒட்டிய காந்தம்.
குடுவைக்குள் வெள்ளை மாத்திரை ஒன்று சுற்றச் சுற்ற
நடுவில் சின்னக் குழி விழுகிறது,
வாளித் தண்ணீர் ஓட்டையில் வடியும்போது விழுமே, அது.
இது மட்டும் எங்கும் போகவில்லை.

ஆறவைத்து, தூவி,
வாய்க்கு அலுமினியத் தாளைத் தளர்வாகக் கவிழ்த்தேன்.
மூச்சு வெளியே போகலாம், தூசி உள்ளே வரக்கூடாது.
எட்டு மணி நேரம். ஒன்றுமில்லை.
பதினான்கு.
டீ நிறத்தில் ஒரு மௌனம்
சளைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
விசிறி நின்ற சத்தத்தில் விழித்தேன்.
நின்றதற்குச் சத்தமில்லை, தெரியும்.
விழித்தது அதில்தான்.
ஜன்னலுக்கு வெளியே முட்டைக்கோஸ் பாத்தி முழுக்க வெள்ளை.
பனிக்கும் உறை,
பாலில் விடும் ஒரு ஸ்பூன் மோருக்கும் உறை.
ஒன்று நிறுத்திவைக்கிறது, ஒன்று தொடங்கிவைக்கிறது.
இரண்டுக்கும் ஒரே சொல் போதுமென்று முடிவெடுத்தவர்
இந்தப் பக்கம்தான் குடியிருந்திருக்கவேண்டும்.

குடுவையை எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டேன்.
வயிற்றில் பட்டதும் பல் கிட்டியது.
கர்ப்பம் அது இதென்று யோசிக்காதே
என்று என்னையே அதட்டினேன்.
இது கண்ணாடி. அரசாங்கக் கண்ணாடி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி,
சுவரில் சாய்ந்து, விடியும்வரை.

ஐந்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.
பக்கத்து வீட்டு ஏட்டு குணசீலன்,
மஃப்ளர், காக்கி பேண்ட், கையில் எவர்சில்வர் டம்ளர்.
மூக்கு என்னைத் தாண்டி உள்ளே போனது.
"மேடம், ஏதோ புளிச்ச வாடை."
"ஈஸ்ட் சார். பிரட்டுக்கு."
அவர் முகம் சட்டென்று சாதாரணமாகிவிட்டது.
"ஆப்ப மாவு ரெண்டு நாளா கல்லு மாதிரி கெடக்கு.
நாளைக்குக் கிறிஸ்துமஸ்.
பிலோமினா அழுவுறா.
ஒரு கரண்டி கெடைக்குமா?"

இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாதவர்களை
எப்படி இரவல் தருவது?
ஸ்வெட்டருக்குள்ளிருந்து குடுவையை உருவினேன்.
அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.
அரை டம்ளர் ஊற்றினேன்.

அன்று முழுக்கக் கரண்ட் வந்து வந்து போனது.
குடுவையில் கலங்கலா, என் கண்ணில் கலங்கலா,
சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை அவர் மறுபடி வந்தார்.
தட்டில் நான்கு ஆப்பம்,
ஓரமெல்லாம் சரிகை, நடுவில் மெத்து.
"பொங்கி வழிஞ்சு அடுப்புத் திட்டு பூரா
மாவு மேடம்! பாத்திரமே பத்தல."

பதில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது.
ஓடிப்போய் என் குடுவையைப் பார்த்தேன்.
தோளில் நுரை வளையம்.
அடியில், விரல் கனத்துக்கு, பாலாடை நிறத்தில் ஒரு கூட்டம்.

திரும்பினால் ஏட்டு வாசற்படியிலேயே நிற்கிறார்.
பார்வை மேஜைக்கு அடியில்,
நான் கழுவிக் கவிழ்த்திருந்த நீல டிரம்மில்.
"தண்ணி டிரம்மா?"

பொய் சொல்ல அவசியமே வரவில்லை.
"தண்ணிதான் சார்."

கொஞ்ச நேரம் தலையாட்டினார்.
"தட்டு அவசரமில்ல மேடம்,"
என்றார்.